பதினாலாவது வரி

மனித மூளைக்கு எதிராக இதுவரை நடந்த சதிகளிலேயே மிகப் பெரியது நோட்டுப் புத்தகம். இதை நான் ஆத்திரத்தில் சொல்லவில்லை. கல்லூரியில் ஐந்து செமஸ்டர் உட்கார்ந்து கவனித்து, நிதானமாகச் சொல்கிறேன். ஒரு விஷயத்தை எழுதி வைத்த அந்த நொடியே மூளையானது 'அதான் எழுதியாச்சே' என்று கை கழுவிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறது. பிறகு அந்த மனிதன் வாழ்நாள் முழுக்க நோட்டைத் தேடிக்கொண்டே திரிகிறான்.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நான் நோட்டு வாங்கியதில்லை. பேன்ட்டின் பின்பாக்கெட்டில் நான்காக மடித்த ஒரே ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. வகுப்பில் யாராவது "நோட்டு எங்கப்பா?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக. பரீட்சைக்கு முந்தைய வாரம் மட்டும் என் நண்பன் ஜெராக்ஸிடம் சில தாள்கள் வாங்கிக்கொள்வேன். வகுப்பில் எல்லோருடைய நோட்டையும் நகலெடுத்து வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் கொடுப்பது நோட்டு அல்ல, நோட்டின் நகல். கொள்கை அளவில் இரண்டும் வேறு வேறு.

இந்தக் கொள்கையைக் கல்லூரிச் சுவரிதழில் நான்கு பாகங்களாக எழுதியிருக்கிறேன். நான்காம் பாகத்தை யாரோ கிழித்தெடுத்து அதன் பின்பக்கத்தில் இயற்பியல் குறிப்பு எழுதியிருந்தார்கள். சமுதாயம் அந்த நிலையில் இருக்கிறது.

அப்படிப்பட்ட என் வீட்டிலேயே, கூடப்பிறந்த அக்காவே, கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, அட்டையில் 'லினக்ஸ்' என்று எழுதி, அடியில் தேதியும் போட்டு மேஜை மேல் வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு லேப்டாப்பில் வந்த ஒரு பெட்டிச் செய்தியில் தொடங்கியது. 'இந்தக் கணினி இயங்குதளத்தின் அடுத்த பதிப்புக்குத் தகுதி பெறவில்லை' என்றது அது. தகுதி! ஏழு வருஷம் உழைத்த லேப்டாப் அது. நடுவில் ஒருமுறை மேஜையிலிருந்து விழுந்தது, ஒருமுறை அரை டம்ளர் டீ குடித்தது. ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதைப் பார்த்து, முகம் தெரியாத ஒரு கம்பெனி தகுதி இல்லை என்கிறது. அடியில் இரண்டு பொத்தான்கள்: 'புதிய கணினி வாங்குங்கள்', 'பிறகு நினைவூட்டு'. 'போடா, முடியாது' என்று ஒரு பொத்தான் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

"என்னடா சொல்லுது அது?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"நம்ம லேப்டாப் ஃபெயிலாம்மா."

"உன்கூடவே இருக்குல்ல, பின்ன."

நான் கம்பெனிக்கு ஒரு கண்டனக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா அந்தப் பெட்டிச் செய்தியை மூடிவிட்டு, பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அண்ணன் கொடுத்தது. அதில் லினக்ஸ் இருந்தது. பழைய கணினிகளைத் தகுதி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் இயங்குதளமாம்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மூன்று வருஷமாக ரத்தம் எடுக்கும் கவுன்டரில் நிற்கிறாள். அவளுடைய ஆசையெல்லாம் உள்ளறையில் இருக்கும் மைக்ரோஸ்கோப் மேல். அதன் முன்னால் உத்தியோகமாக உட்கார வேண்டும் என்றால் ஒரு வருஷப் பயிற்சி முடிக்க வேண்டும். பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் தானே எடுத்த இருநூறு ரத்தச் செல் படங்களை அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரத்தம் தடவிய ஸ்லைடின் எண், செல்லின் வகை, தேதி எல்லாம் சேர்த்துப் பெயரிட்டு. மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, காலியாகக் கிடந்த மைக்ரோஸ்கோப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தாள். அனுப்பக் கடைசி நாள், வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. படங்கள் இருந்தது அந்த ஃபெயிலான லேப்டாப்பில். அது ஒரு படத்தைத் திறப்பதற்குள் நாம் பல் தேய்த்துவிட்டு வந்துவிடலாம்.

அக்காவின் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஊசி குத்துமுன் ஆளின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்வாள். லேபிளைப் படிப்பாள். ரத்தம் எடுத்தபின் லேபிளை ஒட்டி மறுபடி படிப்பாள். நேரம் எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவாள். இதை ஆஸ்பத்திரியோடு விட்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் தண்ணீர் பாட்டிலிலும் தேதியும் அவள் கையெழுத்தும் இருக்கும். தண்ணீர் பாட்டிலில்!

அந்தப் பழக்கத்தோடுதான் லினக்ஸைப் போட உட்கார்ந்தாள். நோட்டில் முதல் வரி: 'படம் எல்லாம் வெள்ளி டிஸ்க்குக்கு காப்பி. எண்ணு.' வெள்ளி டிஸ்க் என்பது வெளியிலிருந்து செருகும் பெரிய ஹார்டு டிஸ்க், வெள்ளி நிறத்தில் இருக்கும். இரண்டாவது வரி: '212.' மூன்றாவது வரி: 'மறுபடி எண்ணு. 212.' ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக், ஒரு நேரம், ஒரு கையெழுத்து. பிறகு பென்டிரைவைச் செருகி, லேப்டாப்பை அதிலிருந்து தொடங்கச் செய்தாள். மொழி கேட்டது, எழுதினாள். விசைப்பலகை கேட்டது, எழுதினாள். கடைசியில் 'முழு டிஸ்கையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா?' என்று கேட்டது.

அதைச் சத்தமாகப் படித்தாள். எழுதினாள். எழுதியதை மறுபடி சத்தமாகப் படித்தாள்.

"அக்கா, பேஷன்ட் பேரு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். உன் பேரைத்தான் சொல்லுச்சு. தலையில வெறும் காத்துன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, வாங்கிக்கறியா?"

"ஒரு பொத்தானை அமுக்க அரை பக்கம் எழுதற ஒரே ஆள் நீதான்."

"ஒண்ணுமே எழுதாம பாஸாகற ஒரே ஆள் நீதான். அவங்கவங்க அதிசயம் அவங்கவங்களுக்கு. தள்ளு, வெளிச்சம் மறைக்குது."

அரை மணியில் முடிந்துவிட்டது. அக்கா எழுதாமல் இருந்திருந்தால் கால் மணி. லேப்டாப் எழுந்தது, கூச்சமே இல்லாமல் வேகமாக. தகுதி இல்லாத அதே லேப்டாப். எனக்குக் கம்பெனி மேல் இருந்த கோபம் இரட்டிப்பானது.

ஆனால் அன்று மத்தியானமே லினக்ஸ் மேலும் கோபம் வந்துவிட்டது. அதில் டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறது. அங்கே பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கட்டளையைக் கையால் தட்ட வேண்டும். ls என்றால் இங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். cd என்றால் வேறு இடத்துக்குப் போகும். pwd என்றால் நாம் நிற்பது எந்த இடம் என்று சொல்லும். சரி, இருக்கட்டும். பாஸ்வேர்டு கேட்டது. தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நட்சத்திரம்கூட இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்து அதைத் திருப்பித் தட்டினேன். பழைய ரொட்டித் தூள் கொட்டியது. பிறகுதான் தெரிந்தது, தட்டுவது காட்டாது, உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளுமாம். என் பாஸ்வேர்டு, என் விரல், என் வீடு. எனக்கே காட்டமாட்டேன் என்கிறது!

அதைவிடப் பெரிய அநியாயம், வேலை சரியாக முடிந்தால் அது ஒரு வார்த்தை பேசாது. ஒரு ஃபைலை நகலெடுக்கச் சொன்னேன். கர்சர் அடுத்த வரிக்குப் போய் நின்றது. அவ்வளவுதான். 'முடிந்தது' இல்லை, 'நன்றி' இல்லை. தப்பாகத் தட்டினால் மட்டும் உடனே வாயைத் திறக்கிறது.

"இது நம்ம அப்பா மாதிரி," என்றேன்.

"அப்பாவாவது பேப்பரை மடிச்சுட்டுத் திட்டுவார்," என்றாள் அம்மா.

ஆனாலும் எதிரியை அறிந்துகொள்வது எழுத்தாளனின் கடமை. திங்கட்கிழமை காலை இரண்டு மணி நேரத்தில் எட்டுக் கட்டளைகளை மனப்பாடம் செய்தேன். பேப்பர் இல்லை, பேனா இல்லை. பாதிப் பெயரைத் தட்டிவிட்டு டேப் பொத்தானை அழுத்தினால் மீதியை அதுவே முடித்துக்கொள்ளும் என்பதையும் கண்டுபிடித்தேன். நான் வாயைத் திறந்தாலே அம்மா முடித்துவிடுவது மாதிரி. lsblk என்று தட்டினால் லேப்டாப்பில் இருக்கும், செருகியிருக்கும் டிஸ்குகளையெல்லாம் வரிசையாகக் காட்டும். உள்ளே இருக்கும் டிஸ்க் sda. செருகிய பென்டிரைவ் sdb. ஒருமுறை பார்த்தேன், மனதில் நின்றுவிட்டது. மூளை என்பது இதற்குத்தானே இருக்கிறது.

கேன்டீனில் ஜெராக்ஸிடம் சொன்னேன். "அக்கா ஒரு நாள் பூரா எழுதினதை நான் ரெண்டு மணி நேரத்துல தலையில ஏத்திட்டேன்."

"எழுதிக் குடேன், காப்பி எடுத்துக்கறேன்," என்றான்.

"எழுதினா அது வேற விஷயம் ஆயிடும்டா."

அவன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். லினக்ஸில் நூறு வகை இருக்கிறதாம். அக்கா போட்டிருந்தது, காத்திருப்பு அறைச் சுவர் மாதிரி ஒரு சாம்பல் நிறம். வீடியோவில் இருந்த வகையிலோ ஜன்னலை இழுத்தால் அது தண்ணீர் மாதிரி நெளிந்தது. கேன்டீன் மேஜையில் கை வைத்து அப்போதே முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள்தான் கல்லூரி. அக்கா காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"டேய், மத்தியானம் வந்ததும் வெள்ளி டிஸ்க்குல இருந்து என் படத்தையெல்லாம் திரும்ப லேப்டாப்ல காப்பி போட்டுரு. நேத்து டபுள் டியூட்டி, போட முடியல. இப்ப இருக்கறது அந்த ஒரு காப்பிதான். நோட்டுல பதினாலாவது வரி. அதுக்கு மேல இருக்கற சிவப்புக் கட்டத்தையும் படிச்சுக்கோ."

"காப்பி போட நோட்டு எதுக்குக்கா?"

"படிச்சுட்டு டிக் போடு. நேரம் எழுது."

"கையெழுத்து?"

"அதுவும்தான்," என்றாள், சிரிக்காமல். பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

மத்தியானம் வந்தேன். டீ போட்டேன். டம்ளர் வைக்க இடம் வேண்டியிருந்தது, நோட்டு மேல் வைத்தேன். வெள்ளி டிஸ்கைச் செருகினேன். காப்பி போடத்தான் போனேன், சத்தியமாக. அப்போதுதான் தோன்றியது: எப்படியும் இந்தச் சாம்பல் நிற லினக்ஸைத் தூக்கிவிட்டு நெளிகிற லினக்ஸைப் போடப் போகிறேன். இப்போது காப்பி போட்டால் அதற்குப் பிறகு இன்னொரு முறை போட வேண்டும். ஒரே வேலையை இரண்டு முறை செய்வது மூடத்தனம். எனவே முதலில் நெளிகிறது, பிறகு காப்பி. இந்தத் தர்க்கத்தில் இன்றுவரை என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

நெளிகிற லினக்ஸைத் தரவிறக்கினேன். பென்டிரைவையும் செருகினேன். அதை பென்டிரைவில் எழுத dd என்று ஒரு கட்டளை இருக்கிறது. எதை எடுத்து எதன் மேல் எழுத வேண்டும் என்று சொன்னால் எழுதிவிடும். அடியில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று அதற்குக் கவலை இல்லை. பென்டிரைவ் sdb என்பது எனக்கு மனப்பாடம். தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது, கண்ணுக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டது. நான்கு நிமிஷத்தில் மூன்று ஜிபி எழுதிவிட்டேன் என்றது. டீயும் முடிந்தது.

லேப்டாப்பைப் பென்டிரைவிலிருந்து தொடங்கினேன். நெளியவில்லை. அதே சாம்பல் நிறம், அதே பழைய வரவேற்பு. எழுதவே இல்லையே என்று எரிச்சலோடு திரும்பி வந்து, சரி, காப்பியையாவது போடுவோம் என்று வெள்ளி டிஸ்கைத் திறந்தேன்.

அதில் படங்கள் இல்லை. நெளிகிற லினக்ஸ் இருந்தது.

lsblk என்று தட்டினேன். விரல் இரண்டு முறை தவறியது. sdb, 931 ஜிபி. sdc, 14.9 ஜிபி.

இந்தக் கணினி, டிஸ்குகளுக்குச் செருகிய வரிசையில் பெயர் வைக்கிறது. நேற்று பென்டிரைவ் மட்டும் இருந்தது, அதனால் அது sdb. இன்று வெள்ளி டிஸ்க் முந்திக்கொண்டது, அதனால் அது sdb. ஒரு பெயரை நேற்று ஒருவருக்குக் கொடுத்து இன்று இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? வகுப்பில் ஒருவன் முதலில் வந்துவிட்டான் என்பதற்காக அவனுக்கு என் பெயரை வைப்பார்களா? 931 ஜிபி இருக்கிற ஒன்றை நான் பென்டிரைவ் என்று நினைக்கும்போது, "இவ்வளவு பெரிசா இருக்கே, நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதன் கௌரவம் குறைந்திருக்குமா? நான் திரையைப் பார்த்து இதையெல்லாம் சத்தமாகவே கேட்டேன். கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பிறகு டம்ளரை எடுத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். பதினாலாவது வரிக்கு மேலே சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதியிருந்தாள்: 'sdb, sdc பெயர் தினமும் மாறுது. ஜிபியைப் பாரு. 931 = என் படம். 14.9 = பென்டிரைவ். சத்தமா படிச்சுட்டு என்டர்.'

நாலரை மணிக்கு அக்கா வந்தாள். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன உடைச்ச?" என்றாள்.

சொன்னேன். முதலில் கணினியின் பெயரிடும் முறையில் உள்ள அநீதியிலிருந்து தொடங்கினேன். அவள் கையை உயர்த்தினாள்.

"எந்த டிஸ்க்?"

"வெள்ளி."

பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. "அதுக்கப்புறம் அதுல எதாவது எழுதினியா?"

"இல்லக்கா."

போய் டிஸ்கின் கேபிளைப் பிடுங்கினாள். சிஸ்டம் அண்ணனுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் முதலில் ஒரு பெருமூச்சு விட்டார். "மேல மூணு ஜிபிதான் போயிருக்கும். கீழ இருக்கறது இருக்கும். அந்த டிஸ்க்ல ஒண்ணும் எழுதாம, அதுல இருக்கற படத்தையெல்லாம் துழாவி எடுத்து லேப்டாப்ல போடற ஒரு புரோகிராம் இருக்கு, பேர் அனுப்பறேன். ஆனா படம் வருமே தவிர பேர் வராது. யாரு பண்ணினது இந்த வேலையை?"

"வீட்ல ஒரு துரை இருக்காரு," என்றாள் அக்கா.

புரோகிராமை ஓடவிட்டாள். பிறகு நோட்டை இழுத்து, டீ வட்டத்தைத் துடைத்து, பதினாலாவது வரிக்குக் கீழே எழுதினாள்: 'செவ்வாய், மதியம். டிஸ்க் மாற்றி எழுதப்பட்டது. ஜிபி பார்க்கவில்லை.' நோட்டை என் பக்கம் தள்ளினாள். "எத்தனை மணின்னு எழுது. கையெழுத்துப் போடு."

"திட்டறதுன்னா திட்டு. கையெழுத்து எதுக்கு? நான் என்ன திருடனா?"

"லேப்ல தப்பு நடந்தா திட்டமாட்டோம். எழுதுவோம்."

"இது வீடு!"

"படம் லேபோடது."

நான் கோபத்தில் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் அடுத்த பக்கம்வரை பதிந்தது. அக்கா முகம் கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அம்மா அந்தக் கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா, உன்னைத் தகுதி இல்லேன்னு நான் வெளியில போட்டுருவேன்," என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

புதன்கிழமை காலை பார்த்தால் லேப்டாப்பில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள் வந்து கிடந்தன. கல்யாண வீட்டுப் படங்கள், யாருடையதென்று தெரியாத ஒரு பூனை, இவற்றுக்கு நடுவே ஊதாவும் இளஞ்சிவப்புமாக ரத்தச் செல்கள். டிஸ்கின் தலைப்பகுதியில் இருந்தவை போய்விட்டன. அதில் என் சுவரிதழ்க் கட்டுரைகள் மொத்தமும் அடக்கம். வீட்டில் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

எல்லாப் படத்துக்கும் பெயராக ஒரு f, ஒரு நீள எண். அக்கா இரண்டு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"செல் எதுன்னு சொல்லிடுவேன். எந்த ஸ்லைடு, என்னிக்கு எடுத்தது, அதை எப்படிச் சொல்றது? லேபிள் இல்லாத ட்யூபை நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? தூக்கிப் போட்டுருவோம். உள்ள தங்கமே இருந்தாலும்."

என் விரல் பழக்கத்தில் ls -l என்று தட்டியது. அது ஃபைல்களைத் தேதி, நேரத்தோடு காட்டும். வரிசையாக வந்தது: 1:05. 1:12. 1:20. எல்லாம் மதியம் ஒரு மணி சுமார்.

"அக்கா, இது இன்னைக்கு நேரம் இல்ல. படத்துக்குள்ள இருந்த நேரம். கேமரா போட்டது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே போய், பையிலிருந்து இன்னொரு நோட்டைக் கொண்டுவந்தாள். முனை மழுங்கிய, நீல அட்டை நோட்டு. இரண்டு வருஷ மதிய இடைவேளை அதில் இருந்தது: தேதி, நேரம், ஸ்லைடு எண், செல். நிமிஷம் விடாமல். இப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்தாம் பாகம் எழுதியிருப்பேன்.

"முதல் பக்கத்தைப் பாரு," என்றாள்.

'கேமரா கடிகாரம் 7 நிமிஷம் பின்னாடி.'

அவள் டியூட்டிக்குப் போக வேண்டும். லீவு கிடையாது. போகும்போது, "முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். இதற்கு முன் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

புதனும் வியாழனும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. படத்தின் நேரத்தைப் பார்ப்பது, ஏழைக் கூட்டுவது, நோட்டில் அந்த நிமிஷத்தைத் தேடுவது, mv என்ற கட்டளையால் பெயரை மாற்றுவது. என் முறைப்படி மனதிலேயே வைத்துக்கொண்டு மடமடவென்று போனேன். முப்பத்தெட்டாவது படத்தில் சந்தேகம் வந்து பின்னால் போய்ப் பார்த்தால், இருபத்திரண்டிலிருந்து எல்லாம் ஒரு படம் தள்ளிப் போயிருந்தது. பதினாறு பேருக்கு இன்னொருவர் பெயர். மேஜையில் ஓங்கிக் குத்தினேன், அம்மா எட்டிப் பார்த்தாள், வெறும் கைவலி என்றேன். மறுபடி இருபத்திரண்டிலிருந்து. இந்த முறை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டேன். அது குறிப்பெடுப்பது ஆகாது. வெறும் டிக்.

"யார்கிட்டடா பேசற?" என்றாள் அம்மா, ஒரு கட்டத்தில்.

"யார்கிட்டயும் இல்ல. படிக்கறேன்."

"சத்தமாவா?"

ஒரு மணி பத்தொன்பது, ஸ்லைடு நூற்று நாலு. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரு மணி இருபத்தாறு, அதே ஸ்லைடு, இன்னொரு மூலை. வருஷக் கடைசி நாளன்றுகூட ஒரு படம் இருந்தது. அன்று வீட்டில் எல்லோரும் எங்கே போயிருந்தோம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. மூளை அதை எங்கேயோ போட்டுவிட்டது.

வியாழன் மாலை எண்ணினோம். இருநூற்று மூன்று. அக்கா மறுபடி எண்ணச் சொன்னாள், எண்ணினேன், இருநூற்று மூன்று. இருநூறு போதும். ஆனால் போன ஒன்பதில் ஒன்றைத் தேடி அவள் விரல் நோட்டில் மேலும் கீழும் போய்வந்தது.

"நூற்றுப் பதினெட்டாவது படம் இல்லையா?"

"இல்லக்கா. ரெண்டு தடவை தேடிட்டேன். அது என்னது?"

"அந்தச் செல்லை ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். பெரிய டாக்டருங்களே வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

"அந்த ஸ்லைடு லேப்ல இருக்கும்ல? மறுபடி எடு."

"ஆறு மாசத்துக்கு மேல ஸ்லைடை வெச்சிருக்க மாட்டோம்டா."

பேனாவை என்னிடம் கொடுத்தாள். நூற்றுப் பதினெட்டாவது வரியின் மேல் ஒரே ஒரு கோடு. அடித்தாலும் அடியில் இருப்பது படிக்க முடிய வேண்டும், அது அவர்கள் விதி. பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அவள் கேட்கும்முன் கையெழுத்தும் போட்டேன். இந்த முறை அடுத்த பக்கத்தில் பதியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டியூட்டிக்குப் போகுமுன் விண்ணப்பத்தை அனுப்பினாள். பதில் வர ஒரு மாதமாகுமாம். பதினாலாவது வரிக்கு டிக் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே, "டீ இருந்தா குடு, துரை," என்றாள்.

சனிக்கிழமை காலை ஜெராக்ஸ் அவனுடைய லேப்டாப்பையும் ஒரு பெரிய கறுப்பு டிஸ்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். அவன் லேப்டாப்பும் ஃபெயில். அதே பெட்டிச் செய்தி, அதே இரண்டு பொத்தான்கள். எனக்குப் பழைய கோபமெல்லாம் புதிதாக வந்தது. கம்பெனியைக் கால் மணி நேரம் திட்டினேன். அவனும் திட்டினான்.

"சரி, போடு. நெளியறது வேணும்," என்றான். "மூணு வருஷ நோட்டு மொத்தமும் இந்த டிஸ்க்லதான் இருக்கு. அதையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுடு. கிளாஸே என்னை நம்பி இருக்கு. உனக்குத்தான் எல்லாம் தலையிலேயே இருக்கே, பத்து நிமிஷத்துல முடிச்சுருவ."

"முடிச்சுருவேன்."

"நான் பாத்துக் கத்துக்கறேன்."

"நீ போய் அம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடி. தேதி போட்ட பாட்டில் இருக்கும்."

அவன் எழுந்து போனான். எங்கள் லேப்டாப்பில் கறுப்பு டிஸ்கைச் செருகினேன், பென்டிரைவைச் செருகினேன். lsblk என்று தட்டினேன். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பின்பாக்கெட்டிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தேன். மடிப்புகளில் அழுக்கேறி, மற்றபடி வெள்ளையாகவே இருந்தது. sdb, 1.8 டிபி, ஜெராக்ஸ் நோட்டு. sdc, 14.9 ஜிபி, பென்டிரைவ். எழுதியதை, உதடு மட்டும் அசைய, ஒருமுறை படித்தேன். dd கட்டளையில் sdc என்று தட்டினேன். திரையைப் பார்த்து இன்னொருமுறை படித்தேன். பத்து மணி நாற்பது. ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்டரைத் தட்டினேன்.